காரணம்: நாய்

பிப்ரவரி 9

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கொன்றது நாய் இல்லை. அந்த நாயை வளர்த்தவர். அது கடிக்கும் என்று தெரிந்தே, அதைக் கட்டாமல், கேட்டையும் பூட்டாமல் கடைக்குப் போனவர். போலீஸ்காரர்கள் இதை முதலில் விபத்து என்று எழுதினார்கள். நான் மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சை விட்டு எழுந்திருக்காததால், ‘வளர்ப்புப் பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்தது’ என்று மாற்றினார்கள். பக்கத்து வீட்டுச் செடியை மேயவிட்ட ஆட்டுக்காரனுக்கும் அதே வாசகம்தான் எழுதுவார்கள்.

போனில் சொன்னால் நீ வைத்துவிடுகிறாய். போன தடவை நான்கு நிமிடம் பேசினோம். அதில் மூன்று நிமிடம் நீ அழுதாய், ஒரு நிமிடம் நான் தொண்டையைச் செருமினேன். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டைல்ஸ் கடைக்காரர் வீட்டு மாடியில் ஆறு ஜன்னல். ஆறுக்கும் உன் அக்கா திரைச்சீலை தைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவரே போன் செய்து, “கேட்டு சும்மா சாத்திதாம்மா இருக்கும், தள்ளிட்டு உள்ள வாங்க, வேலைக்காரம்மா இருப்பாங்க” என்றிருக்கிறார். வேலைக்காரம்மாவுக்கு அன்று லீவு. லீவு கொடுத்தவரும் அவர்தான். பதினொரு மணிக்கு எதிர்வீட்டு நர்ஸம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து, தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பீய்ச்சி, துடைப்பத்தால் அடித்து நாயை விரட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நர்ஸம்மா எழுதிக் கொடுத்தது கோர்ட்டில் இருக்கிறது.

நாயை நகராட்சி வண்டி கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டது. ஆக, நாய்க்குத் தண்டனை நிறைவேறியாகிவிட்டது. வளர்த்தவருக்கு அன்று சாயந்திரமே ஜாமீன். 

பத்து நாள் கழித்து அவர் நம் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலி போட்டேன். அதில் குறை வைக்கவில்லை. “அது வாயில்லா ஜீவன் சார், அதுக்கு என்ன தெரியும்” என்றார். “அதுக்குத் தெரியாதுங்க, உங்களுக்குத் தெரியும்” என்றேன். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். அப்போதும் நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய புத்தகக் கடையில் குற்றவியல் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி, இருபது நாளாகப் படிக்கிறேன். எட்டாவதோடு நின்றவனுக்கு இது எதற்கு என்று நீ சிரிப்பாய். சட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் மீட்டர் மாதிரிதான். சிவப்பு எண்களை விட்டுவிட்டுக் கறுப்பு எண்களைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். நான் படித்துப் பார்த்தவரை, உயிர் போன வழக்கில் கறுப்பு எண் ஒரே ஒரு சொல்: ‘தெரிந்தே’. ஆபத்து என்று தெரியாமல் விட்டவனுக்குச் சின்னத் தண்டனை. தெரிந்தே விட்டவனுக்குப் பெரியது. அவர் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலம், “என் நாய் இதுவரைக்கும் ஒரு ஆளைக்கூடத் தொட்டதில்லை, குழந்தை மாதிரி.” 

உன் இடது கெண்டைக்காலில் பல் பதித்தது எந்தக் குழந்தை?

மகள் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், “அப்பா, நீங்க மீட்டர் பாத்தவரு, வக்கீல் இல்ல. பேசாம சாப்பிடுங்க” என்கிறாள். சாப்பிடத்தான் செய்கிறேன். பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை. தெரிந்தும் சும்மா இருந்தவனை விடக்கூடாது. இது ஒன்றுதான் நான் கேட்பது.

அந்தத் தெருவில் நீ எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை மீட்டர் பார்த்தாய், நாய்க்குப் பயந்து உள்ளே போகாமல் அந்த வீட்டுக் கேட்டில் எத்தனை தடவை வாசல் அட்டை செருகினாய் என்று யோசித்து எழுது. அங்கே குளிர் கடுமை என்றாள் மகள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. சிறுவயதிலிருந்தே உனக்குக் காதுதான் பலவீனம். அக்கா சொல்வாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அத்தான்

*

பிப்ரவரி 27

அன்புள்ள மைத்துனனுக்கு,

கிடைத்துவிட்டது. உட்கார்ந்து படி.

உன் பதில் வரவில்லை. வரட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. நேரே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். மீட்டர் பார்த்த பழைய ரூட் புத்தகங்களையும் வாசல் அட்டைக் கட்டுகளையும் அங்கே பின்னறையில்தான் அடுக்கியிருக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் நம் குடைக்காரர். நீ போன பிறகு மழை பெய்யாத மாதங்களிலும் குடையை விட்டதில்லை அவர். இப்போது அறைக்குள்ளேயும் கையில் வைத்திருக்கிறார். “என்ன பெருசு, ரிடையராகியும் ரூட்டு விடலையா” என்று கிண்டல் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் குடையை மூலையில் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடவே இறங்கிவிட்டார். 

மூன்று நாள் தேடினோம். கரப்பான், எலிப் புழுக்கை, தூசி. தும்மித் தும்மி எனக்கு விலா எலும்பே வலித்தது. முதல் நாள், அந்தத் தெரு வருகிற ரூட் பதினேழு கிடைக்கவே இல்லை. இரண்டாம் நாள் கிடைத்தது, ஆனால் வேறு வருடம். மூன்றாம் நாள் மத்தியானம், கால் உடைந்த மேசைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த அட்டைக் கட்டு ஒன்றை உருவினார் குடைக்காரர். மேசை சாய்ந்து அவர் டிபன் டப்பா கவிழ்ந்தது. “போகட்டும் பெருசு, நூலைப் பிரிக்காம பாருங்க” என்றார். பார்த்தேன். பதினேழு. நீ பார்த்த மூன்று வருடமும் அதில் இருந்தன.

ஒரு அட்டையைக்கூட நான் பிரிக்கவில்லை, வெளியே எடுக்கவும் இல்லை. சட்டப் புத்தகம் படித்ததன் பலன் அது. அரசு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் முறைப்படி கடிதம் அனுப்பி, கட்டை அப்படியே முத்திரையிட்டு வாங்கிக்கொண்டார்.

வாசல் அட்டை என்றால் என்ன என்று வக்கீலம்மாவுக்கு நான் விளக்கியதை உனக்கும் எழுதுகிறேன். நீதிபதி கேட்டால் நீயும் இப்படித்தான், அவசரப்படாமல், சொல்ல வேண்டும். மீட்டர் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கிறது. ஆள் உள்ளே போக முடியவில்லை என்றால், ஒரு அட்டையைக் கேட்டில் செருகிவிட்டு வருவோம். அதில் ‘மீட்டர் பார்க்க முடியாத காரணம்’ என்று அச்சடித்து, கீழே நான்கு கட்டம் இருக்கும்: வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை, நாய், மற்றவை. நாம் ஒரு கட்டத்தில் கோடு போடுவோம். வீட்டுக்காரர் மீட்டர் எண்ணைத் தாமே பார்த்து எழுதி, அந்தக் காரணத்துக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டு ஆபீசில் சேர்க்க வேண்டும். அதாவது, காரணம் சரிதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 

டைல்ஸ் கடைக்காரர் ஒப்புக்கொண்டது ஏழு தடவை. ஏழு அட்டை. ஏழிலும் உன் கோணல் கோடு, நாய் என்ற கட்டத்தில். ஏழிலும் அவர் கையெழுத்து, பக்கத்தில் கடை முத்திரை வேறு. முத்திரை குத்தாவிட்டால் அந்த மனிதருக்குக் கை அரிக்கும் போலிருக்கிறது. ஆறாவது அட்டையைக் கேள். நம்மிடம் யாரும் கேட்காமலே, அடியில் அவர் கையால் எழுதியிருக்கிறார்: ‘நாய் கோபக்காரன். வருவதற்கு முன் போன் செய்யவும்.’ 

நான் அதை நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். பிறகு குடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் வாசிக்கும்போது இன்னும் நன்றாக இருந்தது.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “ஐயா, இது போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது இல்லாம நான் கோர்ட்ல எழுந்தே நிக்க முடியாது” என்றார். குற்றச்சாட்டைப் பெரியதாக மாற்றச் சொல்லி மனு போட்டுவிட்டார். மார்ச் 21 விசாரணை. 

ஒரு சிக்கல் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: மீட்டர் பார்ப்பவர்கள் சோம்பேறிகள், வெயிலில் நடக்கச் சலித்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் நாய் என்று கோடு போடுவார்கள், டைல்ஸ் கடைக்காரரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அபாண்டம் என்று கத்தத்தான் நினைத்தேன். அப்போது மூன்றாம் தெரு டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். பூனை மட்டுமே வளர்த்த அந்த வீட்டுக்கு நீ நாய் என்று கோடு போட்டதும், அவர் அட்டையும் பூனையுமாக ஆபீசுக்கு வந்து, “இது குரைக்குதா பாருங்க” என்று என் மேசைமேல் விட்டதும். வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் அட்டை மட்டும் போதாது. கடிபட்ட ஆள் வேண்டும். கடித்தது இந்த நாய்தான், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், அது கடிக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்று சொல்ல ஒரு கால் வேண்டும். அது உன் கால். ஊசி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு உன்னிடம்தான் இருக்கும். நீ எதையும் தூக்கிப்போடாதவன்.

கடிபட்டவர் அப்போது ஏன் துறையில் புகார் கொடுக்கவில்லை என்று வக்கீலம்மா கேட்டார். அந்த வேலையில் யாரும் அதற்கெல்லாம் புகார் எழுத மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா. உன் அக்காவுக்காக நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான் பாக்கி.

உடனே பதில் எதிர்பார்க்கும்,
உன் அத்தான்

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒன்றரை வரி. ‘வருகிறேன். புகாரைக் கிழித்தது யார் என்று கேட்டால் என்ன சொல்லட்டும், அத்தான்?’

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்வானேன். இத்தனை தூரம் ஓடி, தூசி தின்று, அட்டை கண்டுபிடித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று, சாயந்திரம் வரை வீட்டுக்குள் நடந்தேன். உனக்கு இரண்டு பக்கம் திட்டி எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது, கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

இப்போது பதில் எழுதுகிறேன். கிழித்தது நான். அப்படியே சொல்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்து, ஒரு முழுப் பக்கப் புகாரை என் மேசையில் வைத்தாய். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. புகாரை அனுப்பினால் துறையிலிருந்து அந்த வீட்டுக்கு நோட்டீஸ் போகும், விசாரணைக்கு ஆள் வருவான், முப்பத்துநான்கு வருடத்தில் என் பிரிவில் ஒரு தகராறுகூட இல்லை என்று எழுதிவைத்திருந்த பெருமை போகும். “நாய்க்கடிக்கெல்லாம் புகாரா? என் கால்ல பதினோரு தழும்பு இருக்குடா, எண்ணிப் பாக்கறியா” என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே கிழித்துவிட்டேன். 

அன்று பிற்பகல் டைல்ஸ் கடைக்காரர் ஆபீசுக்கு வந்து, மாதக் கடைசிக்குள் மதிலோரம் கூண்டு கட்டிவிடுகிறேன் என்றார். அதை நான் நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நம்பவும் இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. 

இன்னொன்று. போன கடிதத்தில் அட்டையைப் பற்றி எல்லாம் எழுதினேன், ஒன்றை விட்டுவிட்டேன். உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு அட்டையிலும் வலது மூலையில் மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கும். முதல் ஐந்தில் இருப்பது என்னுடையது. அதில் இரண்டு உன்னைக் கடித்த பிறகு வந்தவை. அவர் ‘நாய் கோபக்காரன்’ என்று எழுதியது நான் ஓய்வுபெற்ற பிறகு. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். ஐந்தும் ஐந்துதான். வக்கீலம்மா இன்னும் கவனிக்கவில்லை, சுருக்கி இரண்டு எழுத்துதானே போடுவேன்.

உன் அக்காவிடம் தெரு நாய் கடித்துவிட்டது என்று சொன்னதும் நான்தான். உன்னையும் அப்படியே சொல்ல வைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால், துணி வெட்டும் கத்தரியோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். அந்தச் சண்டையைத்தான் நான் தவிர்த்தேன். அவள் பாவம், இரண்டு மாதம் நம் தெரு நாய்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, “என் தம்பியக் கடிச்சது நீதானே, மூஞ்சியப் பாரு” என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நீயும் நானும் ஜன்னலில் நின்று கேட்டுச் சிரித்தோம். 

திரைச்சீலை வேலை வந்தபோது எந்த வீடு என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதும் சொன்னாள். வரும்போது கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கி வா என்றேன். நாய் ஞாபகம் வந்ததா என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வந்தது. மூன்று வருடம் ஆகிவிட்டதே, இதற்குள் கூண்டு கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாக்குமூலத்தின் கடைசி வரி, “ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.” அந்த வரியைப் படித்தபோதுதான் நான் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதற்கு அவ்வளவு பிடிவாதம் என்று மகள் கேட்டாள். அவளிடம் வேறு எதையோ சொன்னேன்.

இதை எழுதியதால் நான் தளர்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் குற்றம் இதனால் ஒரு இம்மியும் குறையாது. நான் தெரிந்து சும்மா இருந்தேன். அவர் தெரிந்து, கட்டாமல் விட்டு, போன் போட்டுக் கூப்பிட்டார். இரண்டும் ஒன்றில்லை என்று சட்டப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் என்னுடையதைச் சொல்லாமல் அவருடையதை நிரூபிக்க முடியாது. அந்த நாய் கடிக்கும் என்று துறைக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாதா என்று கேட்க வேண்டும் என்றால், தெரியும் என்று சொல்கிறவன் முதலில் நிற்க வேண்டும். இது தெரிந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இருபத்தொன்றாம் தேதி நாளைக்கே வந்துவிடக் கூடாதா என்று இருக்கிறது.

இனி ஆக வேண்டியவை, ஆள்வாரியாக எழுதிவிடுகிறேன்.

வக்கீலம்மா செய்ய வேண்டியது: நாளைக் காலை பத்து மணிக்கு நான் போய்ச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திட்டினாலும் திட்டட்டும். பிறகு சாட்சிப் பட்டியலில் என் பெயரை உன் பெயருக்கு மேலே போட வேண்டும்.

குடைக்காரர்: கட்டு எங்கே இருந்தது, யார் எடுத்தது என்று சொல்ல வேண்டும். மேசைக்கு முட்டுக்கொடுத்ததைச் சொல்ல வெட்கப்படுகிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நர்ஸம்மா எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அவரை மறுபடி அந்தக் காட்சியைப் பார்க்க வைக்காதீர்கள் என்று வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

டைல்ஸ் கடைக்காரர்: ஆறாவது அட்டையைக் கையில் வாங்கி, தன் எழுத்தைத் தானே உரக்கப் படிக்க வேண்டும். பிறகு, தெரியுமா தெரியாதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீதிபதி செய்ய வேண்டியதை நான் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியும்.

மகள்: அவள் எதுவும் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உட்கார வைத்து, தெரு நாய் இல்லை என்பதை நானே சொல்கிறேன். நீ போனில் முந்திக்கொள்ளாதே. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு கொண்டுவருவதும் வராததும் அவள் இஷ்டம். 

நான்: உனக்கு முன்னால் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். என் பெயரைச் சொல்ல உனக்கு வாய் வராது. அதனால் நீ ஏறும்போது அதை நானே சொல்லி முடித்திருப்பேன்.

நீ: ஆஸ்பத்திரிச் சீட்டோடு பத்தொன்பதாம் தேதிக்குள் வா. கடித்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டு, கூச்சப்படாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், எனக்காக எதையும் குறைக்காதே. எங்கே தங்குவது என்பது உன் விருப்பம், லாட்ஜ் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை. விமான நிலையத்துக்கு நான் வந்திருப்பேன். வழியெல்லாம் நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அத்தான்